கண்டிக்குப் போகிறோம், என்ன கொண்டு போகிறோம்?

பாடசாலை விடுமுறை வந்தால் நமது ஊர்ச் சந்திகளில் பஸ் வந்து நிற்கும். இஷாத் தொழுகை முடிந்த கையோடு பிள்ளைகுட்டிகள், சோற்றுச் சட்டி, பாய், தண்ணீர்க் கான் எல்லாம் ஏறும். விடியும்போது கண்டி. பேராதனைப் பூங்கா, குளக்கரை, பிறகு கடைத்தெரு. அடுத்த நாள் ஸுபஹுக்கு முன் ஊர். ஒரு நாள் ட்ரிப் என்று பெயர். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, கல்முனை என்று எல்லா ஊரிலும் இது நடக்கிறது. பிள்ளைகள் மலையையும் குளிரையும் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் அப்படிப் போயிருக்கிறேன். பதினெட்டு வளைவில் வாந்தியும் எடுத்திருக்கிறேன்.

என்னுடையது வியாபாரிக் கேள்வி. ஐம்பது பேர் ஏறிய பஸ் மேலே போகும்போது அதன் கீழ்ப் பெட்டியில் சட்டியும் பாயும்தான் இருக்கின்றன. திரும்பி வரும்போது மூட வழியில்லாமல் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அப்படியானால் கண்டிக்காரருக்கு நாம் யார்? வருடத்தில் இரண்டு முறை பணத்தோடு வந்து, விலை கேட்டு, வாங்கிக்கொண்டு போகிற கூட்டம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் பெண்கள் இப்படி ஒரு பயணம் போய் எனக்கு ஒரு சாரம் வாங்கி வந்தார்கள். "கண்டியில வாங்கின, நல்ல நூல்" என்று பெருமையாகத் தந்தார்கள். விரித்து, கரையைத் தடவிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருதமுனைத் தறியில் நெய்தது. எங்கள் வீட்டிலிருந்து மருதமுனை ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்தச் சாரம் யாரோ ஒருவருடைய லொறியில் மலையேறி, இரண்டு மூன்று கை மாறி, எங்கள் பஸ்ஸிலேயே திரும்பி வந்திருக்கிறது. இடையில் நின்ற ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்துக்கொண்டார்கள். எடுக்கத்தான் வேண்டும், உழைத்தவர்கள். நாம்தான் அந்த இடையில் எங்கேயும் இல்லை.

நாம் எப்போதும் இப்படி இருந்தவர்கள் அல்ல. மட்டக்களப்பும் கண்டியும் ஒன்றுக்கொன்று வாசலும் வீடும் போல இருந்த காலம் ஒன்றிருந்தது. 1602 மே மாதக் கடைசியில் ஒல்லாந்துக் கப்பல் தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் வந்து இறங்கியது மட்டக்களப்பில்தான். மிளகும் கறுவாவும் தேடி வந்தவர், இங்கிருந்து மலையேறிப் போய்த்தான் முதலாம் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டியில் சந்தித்தார். 1638இல் ஒல்லாந்தரும் இரண்டாம் இராஜசிங்கனும் சேர்ந்து போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்து, ஒப்பந்தமும் இங்கேதான் செய்தார்கள். மலை அரசுக்குக் கடல் வேண்டும். அந்தக் கடலுக்குப் போகும் வாசல்களில் ஒன்று நமது வாவிக்கரை.

அந்தப் பாதையில் பொதி ஏற்றிப் போனவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் கையிலிருந்த கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாறு. மாட்டின் முதுகில் பொதி கட்டிப் போகும் தவளம் நமது தொழிலாக இருந்தது. கண்டி அரசில் போக்குவரத்துக்கென்றே மடிகே பத்த என்று ஒரு பகுதி இருந்ததையும், அதில் முஸ்லிம்கள் பணி செய்ததையும் வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளிவந்த இலங்கை முஸ்லிம்கள் பற்றிய தமது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். உப்பும் கருவாடும் மேலே போயின. பாக்கும் மிளகும் கீழே வந்தன. தவளக்காரன் வெறும் மாட்டை ஓட்டிக்கொண்டு மலையேறியதாக யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஏறும்போதும் பொதி, இறங்கும்போதும் பொதி. மாடு தின்னும் புல்லுக்குக் கணக்கு வேண்டாமா?

குறைஷிகளின் மாரிகாலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் அல்லாஹ் திருமறையில் ஓர் அத்தியாயத்திலேயே நினைவூட்டுகிறான். நாம் அதைத் தொழுகையில் ஓதுகிறோம். ஓதிவிட்டுக் கடையைத் திறந்து, கொழும்பிலிருந்து லொறி வரும்வரை காத்திருக்கிறோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு அதிகம் இல்லை என்பது வாசிக்க வாசிக்க உங்களுக்கே விளங்கும்.

யுத்த காலத்தில் செங்கலடியிலிருந்து கரடியனாறு, புல்லுமலை வழியாக மஹாஓயா போகும் பாதை நமக்கு இல்லாமலே போயிருந்தது. 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்து, பிறகு பாதையும் திருத்தப்பட்ட பின்னர்தான் நான் அந்த வழியால் கண்டிக்குக் கருவாடு கொண்டுபோகத் தொடங்கினேன். கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள வியாபாரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கிழமைக்கு ஒரு தடவை எடுப்பார். நான் அவரிடம் மிளகு, கராம்பு எடுத்து வருவேன். எழுத்து ஒன்றும் கிடையாது, அவருடைய கொப்பியும் என்னுடைய கொப்பியும்தான்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் நமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. அவசரகாலச் சட்டம் போட்டார்கள். கண்டிக்கு நான் போகும் பாதை அந்த ஊர்களின் நடுவால்தான் போகிறது. அந்தக் கிழமை நான் போகவில்லை. அடுத்த கிழமையும் போகவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு யார்தான் போவார்? பின்னர் கொரோனா. 2022இல் டீசல் வரிசை. லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறிய நாட்களில் லொறியை வீட்டு முற்றத்தில் விட்டு உறை போட்டு மூடினேன். ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு காரணம் தந்தது. எல்லாம் உண்மையான காரணங்கள்தான்.

ஆனால் என் கொப்பியில் ஒரு வரி இருந்தது. 2018 பெப்ரவரியில் அந்த மனிதரிடம் எடுத்த மிளகில் 38,000 ரூபா பாக்கி. நான் கொடுக்க வேண்டியது. வங்கியில் போட்டிருக்கலாம். இரண்டு தடவை நினைத்தேன், போடவில்லை. உள்ளதைச் சொன்னால், கடைகள் எரிந்த கோபத்தில் அந்தப் பணத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. திகனயில் நெருப்பு வைத்தவனுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. கடனோடு மௌத்தானவரின் ஜனாஸாவைத் தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கியதை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்பேன்!

சென்ற வருடம்தான் போனேன். வெறுங்கையோடு போய்க் கடனை மட்டும் கொடுத்துவிட்டு வர வியாபாரி மனம் இடம் கொடுக்கவில்லை. களுதாவளையில் எனக்குத் தெரிந்த வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். களுதாவளை வெற்றிலையை நமது பகுதியில் தெரியாதவர் இல்லை. கடற்கரை மணலில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, பிள்ளையை வளர்ப்பதுபோல வளர்ப்பார்கள். அந்த வெற்றிலைக்குக் காரம் கொஞ்சம் கூட என்பது என் அபிப்பிராயம். அங்கே மரக்கறியும் நன்றாக விளைகிறது. அதில் எவ்வளவோ தம்புள்ளைக்குப் போய், தரகு கொடுத்து, அங்கிருந்து கண்டிக்குப் போகிறது. பொருளாதார மத்திய நிலையத்துக்கென்று களுதாவளையிலேயே பெரிய கட்டிடமும் எழும்பியது. கட்டிடம் நல்லதுதான். ஆனால் வாங்குகிறவனைத் தேடி யாராவது கால் நடையாகப் போகவில்லை என்றால் கூரையும் சுவரும் என்ன செய்யும்?

இரவு ஒரு மணிக்கு ஏற்றினோம். பட்டா லொறி, இருபது கூடை வெற்றிலை, மிச்ச இடத்துக்கு நெத்தலிக் கருவாடு. இரண்டையும் ஒன்றுக்கொன்று மணம் பிடிக்காமல் நடுவில் படங்கு கட்டிப் பிரித்தோம். தோட்டக்காரர் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "காக்கா, தண்ணி கூடத் தெளிச்சிராதீங்க. வெத்தில குடிச்சாப் போதும், குளிக்கத் தேவயில்ல."

"ஓம் அண்ணன், எனக்குத் தெரியாதா" என்றேன்.

ஏன் இரவு ஒரு மணி? வெற்றிலை வெயிலுக்கு முன் மஹியங்கனைச் சமவெளியைத் தாண்ட வேண்டும். சூடு ஏறினால் இலை கறுக்கும். தன் உம்மத்தின் அதிகாலைப் பொழுதுக்கு பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்த ஹதீஸ் நமக்குத் தெரியும். அதை அறிவித்த ஸக்ர் அல்காமிதி (ரழி) ஒரு வியாபாரி. அதைக் கேட்ட பின் தன் சரக்கைப் பகலின் ஆரம்பத்திலேயே அனுப்பி, செல்வந்தரானார் என்றும் அதே அறிவிப்பில் இருக்கிறது. நமது கடைவீதிகள் இப்போது எத்தனை மணிக்குத் திறக்கின்றன என்று நான் இங்கே எழுதினால் சண்டைக்கு வருவீர்கள்.

களுதாவளையிலிருந்து வடக்கே வந்தால் கொஞ்ச தூரத்தில் குருக்கள்மடம். 1990 ஜூலையில், கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த நமது மக்களை, ஹஜ் முடித்துத் திரும்பியவர்களையும் வியாபாரிகளையும், விடுதலைப் புலிகள் வழிமறித்துக் கொன்ற இடம். அவர்களில் பலர் நம்மைப்போல சரக்கோடு வந்தவர்கள். அந்த இடத்தைத் தாண்டும்போது இன்றைக்கும் என் வாய் தானாக ஓதும். அந்த வருடங்களில் தமிழ்ச் சகோதரர்களும் நம் பக்கத்தாரால் இழந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். களுதாவளைத் தோட்டக்காரரும் நானும் அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை. வெற்றிலை விலையைப் பேசுகிறோம். அவர் வீட்டுக் கலியாணத்துக்கு நான் போனேன், என் உம்மா மௌத்தானபோது அவர் வந்து படலையடியில் நின்றார். பேசாமல் விட்டது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. சந்தை திறந்திருந்தால் பேசுவதற்கு ஒரு நாள் வரும். சந்தையும் மூடினால் அதுவும் இல்லை.

செங்கலடியில் டீ குடிக்க இறங்கினேன். உதவிக்கு வந்த தம்பி, நான் பார்க்காத நேரத்தில், நல்லது செய்கிறேன் என்று ஒரு வாளித் தண்ணீரைக் கூடைகளுக்கு மேல் ஊற்றிவிட்டான். பிழை அவனுடையது அல்ல. தோட்டக்காரர் சொன்னதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. கண்டியில் இறக்கியபோது அடியிலிருந்த மூன்று கூடை கறுத்துப் போயிருந்தது.

ஸுபஹை மஹாஓயாவைத் தாண்டித் தெருவோரத்தில் பாய் விரித்துத் தொழுதோம். பதியத்தலாவை, மஹியங்கனை, ஹசலக்க. அதற்குப் பிறகு பதினெட்டு வளைவு. வாவிக்கரைப் புழுக்கத்தில் ஏறிய மனிதன் ஹுன்னஸ்கிரியவில் துவாயைக் கழுத்தில் சுற்றுகிறான். படங்கை அங்கேதான் திறந்துவிட்டோம், இலைக்கும் காற்றுப் பட வேண்டும். தெல்தெனிய வந்ததும் உள்ளே பேச்சு நின்றுவிட்டது. திகனயில் சாரதி வேகத்தைக் கூட்டினான். "மெதுவாப் போ தம்பி" என்றேன். நான் பார்க்க விரும்பினேன். திரும்பக் கட்டிய கடைகள் இருந்தன. ஒரு கடையில் நம்மவர் ஒருவர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார், பக்கத்துக் கடைக்காரர் சிங்களவர், இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அவர் அங்கேயே இருந்து கடை திறக்கிறார், நான் 200 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து பயப்படுகிறேன். அவ்வளவுதான் எனக்குப் பட்டது.

கண்டி நமக்குப் பழைய கதைகள் உள்ள ஊர். அரண்மனை வைத்தியர்களாக நம்மவர்கள் இருந்த அதே நகரில்தான் 1915 மே மாதக் கலவரமும் தொடங்கியது. இரண்டுமே உண்மை. ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்த வியாபாரி என்னைப் பார்த்ததும் எழும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சிங்களத்தில் கேட்டார்: "எங்கே போனீங்க நானா, இவ்வளவு வருஷம்?" அந்தக் கேள்விக்கு ஆயத்தமான பதில் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. பணத்தை மேசையில் வைத்தேன். அறுபதாயிரம்.

ஏன் அறுபது? 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். 2018இன் 38,000 ரூபாவும் இன்றைய 38,000 ரூபாவும் ஒன்றா? போவதற்கு முன் ஊரில் ஒரு மௌலவியிடம் கேட்டேன். கடன் ரூபாவில் இருந்தால் கடமை அந்த ரூபாதான். முன்கூட்டிப் பேசாமல், கேட்காமல், வாங்கியவர் தானாக மனமுவந்து கூடக் கொடுத்தால் அது வட்டியாகாது, நபி (ஸல்) அவர்களே வாங்கிய ஒட்டகத்தைவிட நல்ல ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். நமது வியாபாரிகள் பலருக்கு இப்படிப் பழைய கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கேட்டுத் தெளியுங்கள்.

அவர் உள்ளே போய்ப் பழைய கொப்பியை எடுத்து வந்தார். பக்கத்தைப் புரட்டினார். 38,000ஐ எண்ணி எடுத்தார், மிச்சத்தை என் பக்கம் தள்ளினார். "இத வெற்றிலை விலையில பார்த்துக்குவோம்" என்றார். பார்த்தாரே! கறுத்த மூன்று கூடையைக் காட்டி மற்றப் பதினேழு கூடைக்கும் விலையைக் குறைத்தார். கருவாட்டிலும் குறைத்தார். அரை மணி நேரம் நின்று பேசியும் பழைய காலத்து விலைக்கு நான் கிட்டவும் போகவில்லை. போன வருடங்களில் குருநாகல் பக்கத்து வெற்றிலை அவர் கடையில் நிலைபிடித்துவிட்டது. கிழமை தவறாமல் வருகிறது, இலை ஒரே அளவு, கூடையில் எண்ணிக்கை பிசகுவதில்லை. "உங்க வெற்றிலை ருசி. ஆனா நீங்க வருவீங்களா வர மாட்டீங்களாண்டு எனக்குத் தெரியாதே" என்றார்.

இதைத்தான் நான் எழுத வந்தேன். நாம் இழந்தது ருசியில் அல்ல, வராமல் விட்டதில். சிங்களச் சித்திரைப் புத்தாண்டுக்கு, கலியாணத்துக்கு, பெரியவரை வணங்குவதற்கு, எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு வெற்றிலை வேண்டும். அது நின்றுபோகிற வியாபாரம் அல்ல. நாம் நின்றோம், இன்னொருவர் வந்தார்.

இலாப நட்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். போக வர 450 கிலோமீற்றர் வரும். சுமையோடு மலையேறும் பட்டா லொறி நாற்பது லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும். மேலே கொண்டுபோன சரக்கு மட்டும் இந்தச் செலவைத் தாங்காது. திரும்பும்போது கராம்பு, சாதிக்காய், கரட், லீக்ஸ் ஏற்றினேன். அதனால்தான் கையைக் கடிக்காமல் தப்பினேன். முதல் பயணத்தில் மிஞ்சியது ஒரு நாள் கூலி அளவு. தனியாகப் போகாமல் மூன்று பேர் ஒரு லொறியைப் பகிர்ந்தால், ஒருவர் வெற்றிலை, ஒருவர் கருவாடு, ஒருவர் மருதமுனைச் சாரம் என்று போனால், கணக்கு வேறு மாதிரி வரும். நமது வர்த்தக சங்கங்கள் பொன்னாடை போர்த்துவதற்குச் செலவழிக்கும் நேரத்தில் கொஞ்சம் எடுத்து, கண்டியிலும் மாத்தளையிலும் பதுளையிலும் யார் என்ன எடுக்கிறார்கள் என்று ஒரு பட்டியலாவது வைத்திருக்கலாம். பிள்ளைகளுக்குச் சிங்களம் எழுத வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். நான் பேசுவேன், ஆனால் பில் எழுதிக் கொடுத்தால் மற்றவரிடம் காட்டித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு வெட்கம்.

"கண்டியிலேயே நம்ம வியாபாரிகள் அவ்வளவு பேர் இருக்க, நீங்க என்னத்துக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவர்கள் கண்டியில் இருக்கிறார்கள். களுதாவளை வெற்றிலை களுதாவளையில் இருக்கிறது. இடையில் உள்ளதுதானே வியாபாரம்?

லுஹரையும் அஸரையும் மீரா மக்காம் பள்ளிவாசலில் சேர்த்துச் சுருக்கித் தொழுதுவிட்டு இறங்கினோம். களுதாவளைக்கு வந்து சேர்ந்தபோது இரவு பத்தரை. தோட்டக்காரர் தூங்காமல் படலையில் நின்றார். வெறும் கூடைகளை எண்ணினார், இருபதும் சரி. மூன்று கூடை கறுத்த கதையை நான் சொல்லத் தொடங்குமுன்னே, கூடையின் அடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "குளிக்க வார்த்திட்டீங்க" என்றார்.

இப்போது இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போகிறோம். வரும் புதன்கிழமை, இன்ஷா அல்லாஹ், அவரும் வருகிறார். வெற்றிலை பார்க்க இனி என்னை நம்பி விட மாட்டாராம். முன் சீற்றில் நெருக்கி உட்கார்ந்தால் மூன்று பேருக்கு இடமிருக்கிறது.